கேமிங் பிசி: எதில் தாராளம், எதில் சிக்கனம்?

ஒரே தொகைக்குள் இரண்டு பட்டியல் போட்டுப் பார்க்கலாம். முதலாவதில் ஏஎம்டி-யின் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர், அதோடு 8 ஜிபி மெமரி உள்ள, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கிராபிக்ஸ் கார்டு. இரண்டாவதில் ரைசன் 5 9600எக்ஸ், அதோடு ஏஎம்டி-யின் ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி கார்டு. மற்ற பாகங்கள் எல்லாம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் விளையாட உட்கார்ந்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. 1440பி திரையில், காட்சிகள் கனமான கதை கேம் ஒன்றை ஓட்டினால் இரண்டாவது முதலாவதை அலட்சியமாகத் தாண்டிப் போய்விடும். 1080பி-யில் எல்லா செட்டிங்கையும் இறக்கி வைத்து வேலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 மாதிரி போட்டி கேம்களே ஆடுபவருக்கோ முதலாவதுதான் நொடிக்கு அதிக ஃபிரேம் (திரையில் வரையப்படும் படங்கள்) தரும்.

அதனால் எந்த பிராசசர் நல்லது, எந்தக் கார்டு நல்லது என்று தனித்தனியாக விசாரித்துக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். நான் கேட்கும் கேள்வி வேறு. இந்தப் பாகத்தில் இப்போது கையைக் கட்டிக்கொண்டால் பின்னால் சரிசெய்ய முடியுமா? எஸ்எஸ்டி-யில் இடம் போதாவிட்டால் இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம். ரேமை மாற்றலாம். கிராபிக்ஸ் கார்டில் ஒட்டி வரும் மெமரியைக் கூட்டுவதற்கு வழியே கிடையாது. மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டுக்குப் புது பிராசசர் வருவது நின்றுபோனால், அந்த போர்டின் எதிர்காலமும் அங்கேயே நின்றுவிடும். திருத்த முடிகிற இடத்தில் சிக்கனம், திருத்த முடியாத இடத்தில் தாராளம் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் திரை

மானிட்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பட்டியலே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம், அதாவது 1080பி-யைப் போலச் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமிலும் இத்தனையையும் வரைவது கார்டின் வேலை. பிராசசருக்குத் திரை பெரிதானாலும் வேலை அவ்வளவாகக் கூடாது. எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எங்கே போகிறது, கதவு திறந்ததா மூடியதா என்ற கணக்கெல்லாம் எந்தத் திரையிலும் ஒன்றேதான்.

பிராசசரை வாட்டுவது ஃபிரேம்களின் எண்ணிக்கை. நொடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி நொடி அவகாசம் இருக்கிறது. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகச் சுருங்கும். 240-ல் 4.2 மில்லி நொடிதான். அதற்குள் பிராசசர் தன் கணக்கை முடிக்காவிட்டால், எவ்வளவு பெரிய கார்டு வைத்திருந்தாலும் அது சும்மா காத்துக்கொண்டிருக்கும்.

என்னைக் கேட்டால் 27 அங்குலம், 1440பி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் என்பதுதான் இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்குச் சரியான இடம். 1080பி-யில் ஒன்றும் குறையில்லை, 24 அங்குலத்தில் நன்றாகவே இருக்கும். 27 அங்குலத்தில் 1080பி மட்டும் வேண்டாம், எழுத்தெல்லாம் பிசிறடிக்கும். 4கே பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: டிஎல்எஸ்எஸ் (என்விடியா), எஃப்எஸ்ஆர் (ஏஎம்டி) போன்ற அப்ஸ்கேலிங் வசதிகளை 'குவாலிட்டி' நிலையில் வைத்தால் 4கே படம் உள்ளே 1440பி-யில்தான் வரையப்பட்டு, பிறகு பெரிதாக்கப்படுகிறது. அதனால் 4கே திரை வாங்கியவர் எல்லோரும் உச்சக் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

8 ஜிபியா, 16 ஜிபியா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 2025 ஏப்ரலில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு விதமாக வந்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் அப்படியே. பெயர் ஒன்று, சிப் ஒன்று. பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சின்ன எண்தான் வேறு. ஆன்லைனில் ஆர்டர் போடும்போது இதை இரண்டு முறை பாருங்கள்.

கார்டின் மெமரி, அதாவது வீரேம், நிரம்பாதவரை இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடும். நிரம்பிய நொடியிலிருந்து கதை மாறுகிறது. இடம் கிடைக்காத டெக்ஸ்சர்கள் (சுவர், தரை போன்றவற்றின் மேற்பரப்புப் படங்கள்) சிஸ்டம் ரேமில் போய் உட்காரும். தேவைப்படும்போதெல்லாம் கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ வழியாக வந்து போக வேண்டும். 5060 டிஐ தன் சொந்த மெமரியை நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் படிக்கிறது. அந்தக் கார்டு பிசிஐஇ-யில் பயன்படுத்துவது 8 லேன், அதாவது 8 பாதைதான். 5.0 தலைமுறை போர்டில் அது நொடிக்குச் சுமார் 32 ஜிபி, 4.0 போர்டில் 16, பழைய 3.0 போர்டில் வெறும் 8. 448 எங்கே, 8 எங்கே! பழைய கம்ப்யூட்டரில் 8 ஜிபி கார்டைப் போட்டவர்கள்தான் அதிகம் திணறுவதற்குக் காரணம் இதுதான். 9060 எக்ஸ்டி-யில் 16 லேன் இருப்பதால் இந்த அடி கொஞ்சம் மெதுவாக விழும், அவ்வளவுதான்.

திரையில் இது எப்படித் தெரியும்? சராசரி ஃபிரேம் எண் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வேகமாகத் திரும்பிப் பார்த்தால் எதிரே உள்ள சுவர் களிமண் பூசியது போல மொழுக்கென்று நிற்கும், இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் செங்கல் தெரியும். ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குள் நுழையும்போது படம் ஒரு கணம் உறைந்து பிறகு நகரும். சில கேம்கள் உங்களிடம் சொல்லாமலேயே டெக்ஸ்சரின் தரத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் விமர்சனங்களில் சராசரியை விட '1% லோ' (மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகம்) என்று போடும் எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். திணறல் ஒளிந்திருப்பது அங்கேதான்.

8 ஜிபி ஏன் போதாமல் போனது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் 16 ஜிபி பொது மெமரி உண்டு. அதை மனதில் வைத்து உருவாக்கப்படும் கேம் பிசி-க்கு வரும்போது, நல்ல டெக்ஸ்சர் நிலையில் 8-ஐத் தாண்டுவது சகஜம். ரே டிரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டு வரைவது), ஃபிரேம் ஜெனரேஷன் (நடுவில் செயற்கை ஃபிரேம்களைச் சேர்ப்பது) இரண்டும் மேலும் வீரேம் கேட்கும். விளம்பரத்தில் 8 ஜிபி கார்டுக்கு எந்த வசதியைப் பெருமையாகச் சொல்கிறார்களோ, அந்த வசதியை ஆன் செய்தால்தான் 8 ஜிபி முதலில் நிரம்புகிறது. 1080பி-யில் போட்டி கேம்கள் மட்டுமே ஆடுவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு 8 ஜிபி போதும். மற்றவர்களுக்கு 16.

அடுத்த படியில் போட்டி வேறு மாதிரி. ஆர்டிஎக்ஸ் 5070-ல் 12 ஜிபி, 5070 டிஐ-யில் 16, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-யில் 16. ரே டிரேசிங் இல்லாத சாதாரண கேம்களில் 9070 எக்ஸ்டி, 5070-ஐ முந்தி 5070 டிஐ-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ரே டிரேசிங்கின் உச்சமான பாத் டிரேசிங் வரை எல்லாவற்றையும் ஆன் செய்து பார்க்க ஆசைப்படுபவருக்கு என்விடியாதான் மேல். அப்ஸ்கேலிங்கில் பழைய எஃப்எஸ்ஆர் 3-ல் புல், முடி, கம்பி வேலி எல்லாம் மினுங்கும். 2025 மார்ச்சில் 9070 வரிசையோடு வந்த எஃப்எஸ்ஆர் 4 அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. இருந்தாலும் டிஎல்எஸ்எஸ்-ஐ ஏற்கும் கேம்கள்தான் இன்னும் அதிகம். பிளெண்டர், வீடியோ எடிட்டிங், ஏஐ என்று வேலையும் அதே கம்ப்யூட்டரில் செய்பவர் இந்த வேலைகளுக்கு உதவும் 'கூடா' (CUDA) மென்பொருள் இருக்கும் என்விடியா பக்கமே போவது நல்லது. லினக்ஸில் ஆடுபவருக்கு ஏஎம்டி டிரைவர் கெர்னலோடேயே வந்துவிடுகிறது, தலைவலி குறைவு.

ஃபிரேம் ஜெனரேஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 60 ஃபிரேமை 240 ஆக்குகிறோம் என்று வரைபடம் போடுவார்கள். கண்ணுக்கு வழுவழுப்பு கூடும், உண்மைதான். ஆனால் மவுஸை அசைத்ததற்குக் கேம் பதில் சொல்லும் வேகம் பழைய 60-க்கு உரியதுதான், இன்னும் கொஞ்சம் தாமதம்கூட ஆகும். இரண்டு கார்டை ஒப்பிடும்போது அந்த வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, அது இல்லாத எண்களை மட்டும் பாருங்கள்.

இன்டெல்லின் ஆர்க் பி580 இந்தச் சண்டையில் ஒரு ஓரத்தில் நிற்கிறது. 2024 டிசம்பரில் 12 ஜிபி-யோடு வந்த, சிக்கனமான கார்டு. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகுவது) வசதி உள்ள போர்டு கட்டாயம் வேண்டும், பழைய பிராசசரோடு சேர்த்தால் வேகம் கணிசமாக விழும். பழைய கம்ப்யூட்டரைத் தேற்ற நினைப்பவருக்கு ஆகாது. புதிதாகச் சிறிய பட்ஜெட்டில் கட்டுபவர் யோசிக்கலாம்.

பிராசசர்: இன்றைக்கு எது, நாளைக்கு எது

9800எக்ஸ்3டி-யில் 8 கோர், 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி). 9600எக்ஸ்-ல் 6 கோர், 32 எம்பி. கேமைப் பொறுத்தவரை கோர் எண்ணிக்கையை விட கேஷ்தான் அதிக வித்தியாசம் தருகிறது. ஒரு கேம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகவல்களை ஒழுங்கின்றி அங்கும் இங்குமாகத் தேடிக்கொண்டே இருக்கும். தேடியது கேஷில் இல்லாவிட்டால் ரேம் வரை போய் வர வேண்டும், அந்த நேரம் முழுக்க கோர் வெட்டியாக நிற்கும். ஃபிளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ, கூட்டம் கூடும் ஆன்லைன் கேம்கள், அதிக ஹெர்ட்ஸ் போட்டி கேம்கள் இவற்றில் எக்ஸ்3டி தரும் லாபம் கண்ணுக்குத் தெரியும். 1440பி-யில் நடுத்தரக் கார்டோடு கதை கேம் ஆடும்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

உங்களுக்கு எது தேவை என்று இப்போது இருக்கும் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். விசிங்க்கையும் (ஃபிரேமைத் திரையின் ஹெர்ட்ஸோடு கட்டிப்போடும் செட்டிங்) ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் கேமில் ஓர் இடத்தில் நின்று ஃபிரேம் எண்ணைப் பாருங்கள். பிறகு ரெசல்யூஷனை மட்டும் 720பி வரை இறக்குங்கள். எண் குபுகுபுவென்று ஏறினால் அதுவரை தடுத்துக்கொண்டிருந்தது கார்டு. எண் அசையவே இல்லை என்றால் பிராசசர். கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நிற்கிறதா, 60-ல் தூங்குகிறதா என்று பார்த்தாலும் இதே விடைதான் வரும். பிராசசர்தான் தடை என்று தெரிந்தவர் முதல் பட்டியல் பக்கம் சாயலாம், ஆனால் கார்டை மட்டும் 16 ஜிபி-க்கு மாற்றிக்கொண்டு.

சாக்கெட்டுக்கு வருவோம். ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 2017-ல் வந்தது. ஐந்து வருடம் கழித்து 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யையும் அதே சாக்கெட்டில் பொருத்த முடிந்தது. போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, பழைய போர்டை வைத்தே இன்னொரு தலைமுறையை ஓட்டியவர்கள் ஏராளம். 2022-ல் வந்த ஏஎம்5-க்கும் குறைந்தது 2027 வரை ஆதரவு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14-ம் தலைமுறைகளோடு முடிந்தது. 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851-ல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கிறது, ஆனால் கேம்களில் அதன் முந்தைய தலைமுறையையே முந்த முடியாமல் தடுமாறியது. 13, 14-ம் தலைமுறையின் உயர்நிலை பிராசசர்களில் வோல்டேஜ் கோளாறு இருந்ததும், 2024 ஆகஸ்டில் அதைத் திருத்தும் மைக்ரோகோடு (பிராசசரின் உள் மென்பொருள்) வெளியிட்டு வாரண்டியை இன்டெல் இரண்டு வருடம் நீட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பழைய ஐ7, ஐ9 ஒன்றைக் கைமாற்றி வாங்குபவர் இதை விசாரிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

இதனால்தான் இரண்டாவது பட்டியல் எனக்குப் பிடிக்கிறது. இன்றைக்கு ஏஎம்5 போர்டில் 6 கோர் பிராசசர், மிச்சப் பணம் முழுக்கக் கார்டுக்கு. சில வருடம் கழித்து அதே போர்டில் எக்ஸ்3டி ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். முதல் பட்டியல்காரர் கார்டின் 8 ஜிபி-யைச் சரிசெய்ய முழுக் கார்டையும் விற்றுவிட்டு வேறு வாங்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே நல்ல ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ரேமும் வைத்திருப்பவர் மட்டும் விதிவிலக்கு. அவர் போர்டைக் கழற்றாமல் கார்டை மாற்றினாலே போதும்.

ரேம், போர்டு, எஸ்எஸ்டி

ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும்தான். 16 ஜிபி குச்சி இரண்டு, 6000 வேகம், சிஎல்30 (தாமதத்தைக் காட்டும் எண்) என்று வாங்கினால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. வேக எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 6000 சிஎல்30-ன் தாமதம் 10 நேனோ நொடி. 5600 சிஎல்46-ல் அது 16.4. 2025 இறுதியிலிருந்து மெமரி விலை தாறுமாறாக ஏறிவிட்டதால் 16 ஜிபி-யோடு தொடங்குபவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பின்னால் திருத்த முடிகிற பாகம்தானே. ஆனால் அப்போது இரண்டு குச்சிகளோடு இன்னும் இரண்டைச் சேர்க்காமல் ஜோடியையே மாற்றுங்கள். நான்கு குச்சி போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி தரும் வேகம் 3600-தான்.

கட்டி முடித்ததும் முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு மெமரியைப் பழக்கிக்கொள்கிறது, பதறி அணைத்துவிடாதீர்கள். பிறகு பயாஸில் எக்ஸ்போவை, அதாவது ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 6000 என்று வாங்கிய ரேம் 4800-ல் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் ஓடும் வேகம் தெரியும்.

போர்டில் எக்ஸ்870 வாங்கினாலும் பி650 வாங்கினாலும் கேமில் ஃபிரேம் ஒன்றுதான். எம்.2 இடம் எத்தனை, விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா, பிராசசர் இல்லாமலேயே பயாஸை ஏற்றும் பட்டன் உண்டா, இந்த மூன்றையும் பார்த்தால் போதும். பழைய சரக்கான போர்டில் 9000 வரிசை பிராசசரைப் போட்டால் பயாஸ் புதுப்பிக்காமல் எழுந்திருக்காது, அப்போது அந்த பட்டனின் அருமை புரியும்.

எஸ்எஸ்டி-யில் ஜென்5 நொடிக்கு 14,000 எம்பி, ஜென்4 7,000 என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். கேம் லோடாகும் நேரத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். டிஎல்சி வகை ஜென்4 ஒன்று, 1 டிபி. நிரம்பினால் இன்னொன்று.

பவர் சப்ளை

சிக்கனமே கூடாத இடம் இது. 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை தரத்துக்கான சான்று என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஷார்ட் ஆனால் அணைகிறதா, சுமை சட்டென்று ஏறினால் தாங்குமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. 9070 எக்ஸ்டி-யின் கணக்கு 304 வாட், ஆனால் எந்தக் கார்டும் ஒரு கணம் அதை விட மிக அதிகமாக இழுக்கும். ஏடிஎக்ஸ் 3.0, 3.1 தரத்தில் உள்ள பவர் சப்ளைகள் அந்த ஒரு கணத்துக்குத் தங்கள் அளவைப் போல இரண்டு மடங்கு வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 180 வாட் 5060 டிஐ-க்கு 550 வாட் போதுமே என்றால், போதும்தான். அடுத்த கார்டுக்கு? 750 வாட், பத்து வருட வாரண்டி என்று ஒன்றை வாங்கினால் இரண்டு மூன்று கார்டு மாறும்வரை அதைத் தொட வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கை. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் 16 பின் கனெக்டர்கள் உருகிய செய்திகள் வந்தபோது, பிளக் முழுதாக உள்ளே போகாததும் ஒரு காரணமாகத் தெரியவந்தது. அந்த வகை கார்டு வாங்கினால் இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகுங்கள். அப்புறம், பழைய மாடுலர் (கேபிளைக் கழற்றக்கூடிய) பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும், எஸ்எஸ்டி புகைந்துவிடும்.

கூலரும் கேபினட்டும் சீக்கிரம் முடிகிற விஷயம். இந்த இரண்டு பிராசசர்களில் எதற்கும் நல்ல டவர் ஏர் கூலர் போதும். லிக்விட் கூலரில் பம்ப் போனால் மொத்தமும் போச்சு, ஏர் கூலரில் ஃபேன் போனால் ஃபேனை மாற்றலாம். கேபினட்டின் முன்பக்கம் வலையாக இருக்கட்டும். கூலரின் உயரத்தையும் கார்டின் நீளத்தையும் கேபினட்டின் விவரத்தோடு ஒத்துப் பாருங்கள், 300 மில்லிமீட்டரைத் தாண்டும் கார்டுகள் இப்போது சாதாரணம்.

தொகை தாண்டினால்

எப்படியும் தாண்டும். முதலில் வண்ண விளக்குகளும் கண்ணாடி கேபினட்டும் போகட்டும். அடுத்து போர்டை ஒரு படி இறக்குங்கள், ஜென்5 எஸ்எஸ்டி-யை ஜென்4 ஆக்குங்கள். பிராசசரை 8 கோரிலிருந்து 6 கோருக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் இடிக்கிறது என்றால் ரேமை 16 ஜிபி-யில் நிறுத்தலாம். இவ்வளவு வெட்டியும் 16 ஜிபி கார்டு கைக்கு எட்டவில்லை என்றால், 8 ஜிபி-க்கு இறங்குவதற்கு முன் 1440பி மானிட்டரை விட்டுவிட்டு இப்போது வைத்திருக்கும் 1080பி திரையிலேயே கொஞ்ச நாள் ஓட்டுங்கள். மானிட்டரை அடுத்த வருடம்கூட வாங்கிக்கொள்ளலாம், அன்றைக்கு அந்தக் கார்டு அதற்கும் ஈடுகொடுக்கும்.